ப்ராடக்ட் மேனேஜர் வேலைக்குள் நுழைவதும் வளர்வதும்: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

‘தயாரிப்பு மேலாளர்’ என்று தமிழில் சொன்னால், படப்பிடிப்புத் தளத்தில் செலவுக் கணக்குப் பார்ப்பவரோ தொழிற்சாலையில் உற்பத்தியைக் கவனிப்பவரோதான் பலருக்கு நினைவுக்கு வருவார். ஆகவே, அலுவலகங்களில் வழங்குகிறபடியே ப்ராடக்ட் மேனேஜர் என்றே இங்கே எழுதுகிறேன். மென்பொருள் நிறுவனமொன்றின் சப்போர்ட் பிரிவில் சேர்ந்து, நான்கு ஆண்டுகள் டிக்கெட்டுகளுக்கு, அதாவது வாடிக்கையாளர்கள் அனுப்பும் புகார்களுக்கும் கேள்விகளுக்கும், பதில் எழுதிவிட்டுப் பிறகு இந்த வேலைக்கு மாறியவன் நான். கல்லூரியை முடித்துவிட்டோ, டெவலப்பராகவோ டெஸ்டராகவோ சில ஆண்டுகள் இருந்துவிட்டோ இந்தப் பக்கம் வர நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில், வேலை எது, எது இல்லை

ஒரு மென்பொருளைப் பயன்படுத்துவோரின் எந்தச் சிக்கலை இப்போது தீர்ப்பது, எதைத் தள்ளிவைப்பது, எதைச் செய்யவே போவதில்லை என்று முடிவெடுத்து, அந்த முடிவின் காரணத்தை டெவலப்பர், டிசைனர், விற்பனைப் பிரிவு, நிர்வாகம் ஆகிய அனைவருக்கும் புரியும்படி எழுதி, வெளியிட்ட பிறகு அது பலித்ததா என்று பார்ப்பதே இந்த வேலை. ப்ராஜெக்ட் மேனேஜர் வேறு. முடிவான வேலை குறித்த தேதிக்குள், குறித்த செலவுக்குள் முடிகிறதா என்பது அவருடைய கவலை. வேலையைச் சில வாரச் சுற்றுகளாகப் பிரித்துச் செய்யும் ஸ்க்ரம் முறையில் ‘ப்ராடக்ட் ஓனர்’ என்று ஒரு பொறுப்பு உண்டு. செய்ய வேண்டிய வேலைகளின் பட்டியலான பேக்லாகின் வரிசைக்குப் பொறுப்பானவர் அவர். சில நிறுவனங்களில் ப்ராடக்ட் மேனேஜரும் ப்ராடக்ட் ஓனரும் ஒருவரே. வேறு சிலவற்றில், வெளிநாட்டு வாடிக்கையாளர் சொல்வதை டெவலப்பருக்கான வேலைக் குறிப்பாக, அதாவது டிக்கெட்டாக, மாற்றிக் கொடுப்பவருக்கே அந்தப் பட்டம் சூட்டப்படுகிறது. ஆகவே வேலை விளம்பரத்தில் பதவிப் பெயரைப் பார்க்காமல், ‘எதைச் செய்வது என்று முடிவெடுப்பவர் யார்’ என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

இது மென்பொருளோடு பிறந்த வேலையும் அன்று. அமெரிக்காவின் ப்ராக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனத்தில் கேமே சோப்பின் விளம்பரத்தைப் பார்த்துக்கொண்டிருந்த நீல் மெக்எல்ராய், 1931 மே 13 அன்று மேலிடத்துக்கு ஒரு குறிப்பு எழுதினார். ஒவ்வொரு பிராண்டுக்கும் அதன் விற்பனை, சிக்கல், தீர்வு எல்லாவற்றுக்கும் பொறுப்பேற்கத் தனி ஆட்கள் வேண்டும் என்பது அதன் சாரம். அதே நிறுவனத்தின் ஐவரி சோப்பு கேமேயை மறைத்து நின்றதுதான் அவருடைய அன்றாடத் தலைவலி. கூடுதல் ஆள் கேட்டு எழுதப்பட்ட ஒரு குறிப்பிலிருந்து ஒரு தொழிலே கிளைத்தது என்பது எனக்கு எப்போதும் வேடிக்கையாகத் தோன்றும்.

நம் பக்கத்தில் இந்த வேலை எங்கே இருக்கிறது என்றால், 1996இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கி 2009இல் பெயர் மாறிய ஜோஹோ, 2010இல் சென்னையில் தொடங்கி 2021 செப்டம்பரில் நாஸ்டாக் பங்குச் சந்தையில் பட்டியலான ஃப்ரெஷ்வொர்க்ஸ், 2011இல் தொடங்கிய சார்ஜ்பீ என்று சொந்த மென்பொருளை விற்கும் நிறுவனங்களின் வரிசை ஒன்று சென்னையில் உருவாகியிருக்கிறது. பெங்களூருக்குப் போனால்தான் இந்த வேலை கிடைக்கும் என்ற நிலை இப்போது இல்லை.

படி ஒன்று: உட்கார்ந்திருக்கும் நாற்காலியிலிருந்தே தொடங்குதல்

நேரடியாகப் புதியவர்களை இந்த வேலைக்கு எடுக்கும் இடங்கள் குறைவு. கூகுளில் மரிஸா மேயர் 2002இல் தொடங்கிய அசோசியேட் ப்ராடக்ட் மேனேஜர் திட்டத்தைப் பின்பற்றிப் பல நிறுவனங்கள் அப்படிப்பட்ட பயிற்சித் திட்டங்களை வைத்திருந்தாலும், அவற்றில் இடங்கள் சில, போட்டியோ கடுமை. பெரும்பாலோர் பக்கத்து அறையிலிருந்துதான் வருகிறார்கள். அந்தப் பக்கத்து அறை சப்போர்ட்டாக இருக்கலாம், டெஸ்டிங்காக இருக்கலாம், வாடிக்கையாளருக்கு மென்பொருளை நிறுவித் தரும் இம்ப்ளிமென்டேஷனாக இருக்கலாம்.

சப்போர்ட்டில் இருப்பவர்களுக்கு இதில் ஒரு மறைந்த அனுகூலம் உண்டு. பயன்படுத்துவோர் திட்டுவதைத் தினமும் நேரடியாகக் கேட்பவர்கள் அவர்கள்தாம். ஒரு மாதத்து டிக்கெட்டுகளை எடுத்து, ‘எந்தத் திரையில் சிக்கினார்கள், என்ன செய்ய முயன்றார்கள், கடைசியில் எப்படிச் சமாளித்தார்கள்’ என்று மூன்று பத்திகளில் ஒரு தாளில் பிரித்து எழுதிப் பாருங்கள். நூறு டிக்கெட்டுகளைப் பிரித்தால் பத்துப் பன்னிரண்டு சிக்கல்களுக்குமேல் தேறாது. அந்தத் தாளை உங்கள் ப்ராடக்ட் மேனேஜரிடம் கொடுங்கள். அடுத்த மாதமும் கொடுங்கள். மூன்றாவது மாதம் அவரே வந்து கேட்பார். எனக்கு நடந்தது இதுதான். சான்றிதழ்ப் படிப்பு எதுவும் அப்போது என் கையில் இல்லை. அப்படிப்பட்ட படிப்புகள் சொற்களையும் வரைவுகளையும் கற்றுத்தரும், அதில் குறையில்லை. ஆனால் லட்சக்கணக்கில் கட்டணம் கட்டிச் சேருவதற்குமுன், இந்தத் தாளை மூன்று மாதம் எழுதிப் பாருங்கள் என்பேன்.

டெவலப்பராக இருப்பவர்கள் வேறொன்றைப் பழக வேண்டும். ஒரு டிக்கெட் வந்ததும் ‘எப்படிக் கட்டுவது’ என்று யோசிக்கும் மனத்தைச் சற்றுப் பிடித்து நிறுத்தி, ‘இதை யார் கேட்டார்கள், இப்போது இது இல்லாமல் என்ன செய்கிறார்கள்’ என்று முதலில் கேட்க வேண்டும். இது சொல்லுமளவுக்குச் சுலபமில்லை.

படி இரண்டு: பயன்படுத்துபவரின் இடத்துக்கே போய்ப் பார்த்தல்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ள உங்களுக்கு நேரமிருந்தால், இதை எடுத்துக்கொள்ளுங்கள். என் தவறு ஒன்றை வைத்தே விளக்குகிறேன்.

மருந்துக் கடைகளுக்கான பில்லிங் மென்பொருள் ஒன்றில் நான் வேலை செய்துகொண்டிருந்தபோது, சரக்குத் தீரப்போவதை முன்கூட்டியே எச்சரித்தால் கடைக்காரர்கள் மகிழ்வார்கள் என்று விற்பனைப் பிரிவினர் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். நானும் நம்பினேன். நான்கு மாதம் உழைத்து அந்த வசதியைக் கட்டி வெளியிட்டோம். மூன்று மாதம் கழித்துப் பார்த்தால், அதைத் திறந்து பார்த்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். தொலைபேசியில் கேட்டபோது எல்லோரும் நன்றாக இருக்கிறது என்றே சொன்னார்கள்.

கடைசியில் குரோம்பேட்டையில் ஒரு கடைக்குப் போய், கல்லாவுக்குப் பின்னால் ஒரு ஸ்டூலைப் போட்டு மாலை முழுவதும் உட்கார்ந்தேன். ஒருவர் வந்து நான்கு மாத்திரை கேட்டார். கடைக்காரர் பத்து மாத்திரை அட்டையை எடுத்து, காலாவதித் தேதி அச்சிட்ட ஓரம் மிஞ்சும் துண்டிலேயே இருக்கும்படி மறுமுனையிலிருந்து கத்தரித்தார். நான்கைக் காகித உறையில் போட்டுக் கொடுத்தார். ஆறு மாத்திரைத் துண்டை அதே பெட்டிக்குள் செருகினார். எங்கள் மென்பொருளின் பக்கம் திரும்பவே இல்லை. கணினிக்கு அடியில் இருந்த நீள நோட்டில் ஒரு கோடு கிழித்தார். எங்கள் மென்பொருளில் அட்டைக் கணக்கு மட்டுமே இருந்தது. நான்கு மாத்திரை என்று போட இடமே கிடையாது. இரவு கடை சாத்தும்போது நோட்டிலுள்ள கோடுகளைக் கூட்டி, பத்து சேர்ந்தால் ஓர் அட்டை என்று பில் போடுவார். களைப்பாக இருந்தால் அதையும் போடமாட்டார்.

“எச்சரிக்கை வருதே, பார்க்கிறீங்களா சார்?” என்று கேட்டேன்.

“நல்லாத்தான் இருக்கு தம்பி. நாங்கதான் இன்னும் பழகலை,” என்றார்.

அவர் பழகாதது காரணமே இல்லை. அலமாரியில் இருப்பது ஒன்று, கணினி சொல்வது வேறொன்று என்று அவருக்குத் தெரியும். பொய்க் கணக்கின்மேல் எழும்பும் எச்சரிக்கையை அவர் எதற்காகப் பார்க்க வேண்டும்? நாங்கள் முதலில் தீர்த்திருக்க வேண்டியது சில்லறை மாத்திரை விற்பனையை. அதை யாருமே கேட்டு எழுதவில்லை. ஏனென்றால் அந்த நோட்டு அவர்களுக்குச் சிக்கலாகவே தோன்றவில்லை, கடை நடத்தும் வழக்கமாகத் தோன்றியது.

இதிலிருந்து இரண்டு பழக்கங்களை ஏற்படுத்திக்கொண்டேன். ஒன்று, ‘இப்படி ஒரு வசதி இருந்தால் பயன்படுத்துவீர்களா’ என்று கேட்பதே இல்லை. நம் ஊரில் முகத்துக்கு நேரே யாரும் வேண்டாம் என்று சொல்லமாட்டார்கள். வீடு தேடி வந்தவரை வெறுங்கையோடு அனுப்பக் கூடாதென்று ஒரு பாராட்டையாவது கொடுத்தனுப்புவார்கள். மாறாக, ‘கடைசியாக எந்த மருந்து தீர்ந்துபோனது, அன்றைக்கு என்ன செய்தீர்கள்’ என்று நடந்ததைக் கேட்க வேண்டும். இரண்டு, கணினிக்குப் பக்கத்தில் இருக்கும் காகிதங்களைப் பார்க்க வேண்டும். நோட்டு, ஒட்டுத்தாள், வாட்ஸாப் குழு, எக்செல் கோப்பு என்று மென்பொருளுக்கு வெளியே எது இருந்தாலும், அங்கே மென்பொருள் தோற்றிருக்கிறது என்று பொருள். அமெரிக்காவின் இன்ட்யூட் நிறுவனம், தன் மென்பொருளை வாங்கியவர்களின் வீட்டுக்கே ஆட்களை அனுப்பி, அவர்கள் அதை எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று பார்க்கவைத்ததை ஒரு வழக்கமாகவே வைத்திருந்தது.

படி மூன்று: துறையைப் படித்தல்

மருந்துக் கடை மென்பொருளைச் செய்பவர், எச்1 அட்டவணையில் உள்ள மருந்துகளை விற்றால் மருத்துவர் பெயர், நோயாளி பெயர், மருந்து, அளவு ஆகியவற்றைத் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்ற விதியை அறிந்திருக்க வேண்டும். கணக்கு மென்பொருள் என்றால், 2017 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்த ஜிஎஸ்டியின் ரிட்டர்ன் தேதிகள் தெரிந்திருக்க வேண்டும். எந்தத் துறையாக இருந்தாலும் அதன் சட்டம், அதன் மாதக் கடைசி நெருக்கடி, அதில் யாருக்குப் பணம் எப்போது வருகிறது என்ற மூன்றையும் தெரிந்துகொண்டால், கூட்டத்தில் உங்கள் சொல்லுக்கு எடை கூடும். தொடக்கத்தில் ஒரு துறையைப் பிடித்துக்கொண்டு சில ஆண்டுகள் அதிலேயே இருப்பது நல்லது என்பது என் கருத்து.

படி நான்கு: சிக்கலை ஒரு பக்கத்தில் எழுதுதல்

இந்த வேலையின் கருவி எழுத்து. அமேசானில் புதிய ஒன்றைக் கட்டுவதற்கு முன்பே, அது வெளியாகிவிட்டதாகப் பாவித்துப் பத்திரிகைச் செய்திக் குறிப்பையும் கேள்வி-பதில்களையும் எழுதச் சொல்வார்கள். எழுத வராத யோசனை அங்கேயே நின்றுவிடும். அவ்வளவு பெரிய அளவில் வேண்டாம், ஒரு பக்கம் போதும். ஆனால் அதில் தீர்வு முதலில் வரக் கூடாது.

‘சில்லறை விற்பனை வசதி வேண்டும்’ என்பது சிக்கலின் விவரம் அன்று. அது ஒரு தீர்வின் பெயர். இப்படி எழுதிப் பாருங்கள்: ‘மாத்திரைகளை எண்ணிக் கொடுக்கும் கடைகளில் அந்த விற்பனை நோட்டில் பதிவாகிறது, மென்பொருளில் பதிவாவதில்லை. அதனால் சரக்குக் கணக்கு அலமாரியோடு ஒத்துப்போவதில்லை. கடைக்காரர் இரவில் உட்கார்ந்து கூட்ட வேண்டியிருக்கிறது. சரக்கு எச்சரிக்கையை அவர் நம்புவதில்லை.’ இதைப் படித்த டெவலப்பர், நீங்கள் நினைத்ததைவிட எளிய வழி ஒன்றைச் சொல்லக்கூடும். எங்கள் குழுவில் ஒருவர், புதிய திரையே வேண்டாம், அளவுப் பெட்டியில் ‘4மா’ என்று தட்டினால் மாத்திரைக் கணக்காக எடுத்துக்கொள்ளட்டும் என்றார், அதைத்தான் கட்டினோம்.

அந்தப் பக்கத்தின் கீழே, வெற்றியை எதைக்கொண்டு அளப்பது என்று வெளியிடுவதற்கு முன்பே எழுதிவிடுங்கள். எத்தனை பேர் பொத்தானை அழுத்தினார்கள் என்பது பயனற்ற அளவு. கடையில் சரக்கை எண்ணிப் பார்க்கும்போது கணினிக் கணக்குக்கும் அலமாரிக்கும் உள்ள வேறுபாடு குறைந்ததா, நோட்டு மறைந்ததா என்பவையே அளவுகள். எங்கள் குரோம்பேட்டைக் கடையில் நோட்டு மறையவில்லை. கடன் கணக்குக்காக அது தொடர்ந்தது. ஆனால் கோடுகள் நின்றன.

ஆங்கிலத்தில் எழுதத் தயங்குபவர்கள் நம்மில் பலர். தமிழ் வழியில் படித்துவிட்டு வந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: அலங்காரமான ஆங்கிலத்தை யாரும் கேட்பதில்லை, சின்னச் சின்ன வாக்கியங்கள் போதும். கடைக்காரரிடம் அவருடைய மொழியிலேயே பேசி விவரத்தை வாங்கும் திறமை கூட இருந்தால், வாக்கியப் பிழைகளை மற்றவர்கள் பொறுத்துக்கொள்வார்கள். மெதுவாகச் சரியாகிவிடும்.

படி ஐந்து: வரிசைப்படுத்துதலும் மறுத்தலும்

எப்போதும் கையில் இருக்கும் ஆட்களைவிடக் கேட்கப்படும் வேலை அதிகமாகவே இருக்கும். இன்டர்காம் என்ற மென்பொருள் நிறுவனத்திலிருந்து பரவிய ‘ரைஸ்’ என்ற கணக்கு தொடக்கத்துக்கு உதவும். ஒரு காலாண்டில் எத்தனை பேரைத் தொடும், ஒவ்வொருவருக்கும் எவ்வளவு பயன், நமக்கு எவ்வளவு உறுதி ஆகிய மூன்றையும் பெருக்கி, ஆள்-மாத உழைப்பால் வகுக்க வேண்டும் (ஒருவர் ஒரு மாதம் செய்யும் வேலை ஓர் ஆள்-மாதம்). கற்பனை எண்களைக்கொண்டு பார்ப்போம். சில்லறை விற்பனை 300 கடைகளைத் தொடுகிறது, பயன் மிகப் பெரிது என்பதால் 3, உறுதி 80 சதவீதம், உழைப்பு 2 ஆள்-மாதம் என்றால் மதிப்பெண் 360. பில்லின் எழுத்தைப் பெரிதாக்குவது 500 கடைகளைத் தொடும், பயன் 0.5, உறுதி 100 சதவீதம், உழைப்பு 1 என்றால் 250. எச்சரிக்கையை வாட்ஸாப்பில் அனுப்புவது 200 கடை, பயன் 1, உறுதி 50 சதவீதம், உழைப்பு 2 என்றால் 50.

எண் வந்துவிட்டதால் முடிவும் வந்துவிட்டது என்று எண்ணாதீர்கள். உறுதியை 80 என்று போட்டதும் 50 என்று போட்டதும் நாம்தானே. இந்தக் கணக்கின் உண்மையான பயன், எந்த எண்ணில் கருத்து வேறுபடுகிறோம் என்பது கூட்டத்தில் வெளிப்படையாகத் தெரிவதுதான். விற்பனைப் பிரிவில் இருப்பவர் ‘உறுதி 100’ என்றால், அவரிடம் கேட்ட கடைகளின் பெயர்களைக் கேட்கலாம். பெரும்பாலும் அது ஒரே கடையாக இருக்கும், ஆனால் பெரிய கடையாக இருக்கும்.

மறுக்கும்போது ‘பார்க்கலாம்’ என்று சொல்லிவிட்டுப் பேக்லாகின் அடியில் தள்ளிவிடும் பழக்கம் நம்மிடம் வேரூன்றியது. அது தற்காலிக நிம்மதி. ‘இந்தக் காலாண்டில் செய்யவில்லை, காரணம் இது, இன்னின்ன மாறினால் திரும்ப எடுப்போம்’ என்று எழுத்தில் கொடுத்துவிட்டால் கோபப்படுவார்கள், ஆனால் ஆறு மாதம் கழித்து ‘ஏமாற்றிவிட்டான்’ என்று சொல்லமாட்டார்கள்.

படி ஆறு: தரவைத் தானே எடுத்தல்

தரவுத்தளத்திலிருந்து வேண்டிய தரவைக் கேட்டு எடுக்கும் மொழியான எஸ்க்யூஎல்லைக் கற்றுக்கொள்ளுங்கள். டெவலப்பர் அளவுக்கு வேண்டாம். இரண்டு அட்டவணைகளை இணைத்து, தேதிவாரியாகப் பிரித்து எண்ணத் தெரிந்தால் போதும், அதற்கு ஒரு மாதப் பயிற்சி ஆகும். ஒவ்வோர் எண்ணுக்கும் வேறொருவரிடம் போய் நின்றால், கேட்க வேண்டிய பத்துக் கேள்விகளில் எட்டைக் கேட்காமலே விட்டுவிடுவோம். செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் இப்போது அந்த எஸ்க்யூஎல் வரிகளை எழுதித் தந்துவிடும், ஒரே நாளில் மாதிரித் திரைகளையும் கட்டித் தந்துவிடும். ஆனால் வந்த எண் சரியா என்று பார்க்க அட்டவணையில் என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

படி ஏழு: நேர்காணல்

மூன்று வகைக் கேள்விகள் பெரும்பாலும் வரும்: ஒரு செயலியை எப்படி மேம்படுத்துவீர்கள், ஓர் எண் திடீரென்று குறைந்தால் எப்படி ஆராய்வீர்கள், நீங்கள் செய்த வேலையைச் சொல்லுங்கள். முதல் கேள்விக்கு உடனே வசதிகளை அடுக்குவதே எல்லோரும் செய்யும் பிழை. யாருக்கு, எந்தச் சூழலில் என்று முதலில் குறுக்கிக்கொள்ளுங்கள். 2016இல் வந்த யுபிஐ வழியாகப் பணம் அனுப்பும் செயலி என்றால், கல்லூரி மாணவருக்கா, பணம் வந்ததைக் காதால் கேட்டுத் தெரிந்துகொள்ள விரும்பும் பூக்காரருக்கா என்று பிரித்தாலே பதில் வேறாகிவிடும். இரண்டாவது கேள்வியில், அளக்கும் கருவியே பழுதாகியிருக்கலாம் என்பதை முதலில் சரிபாருங்கள். பிறகு அன்றைக்கு ஏதாவது ரிலீஸ் ஆனதா, ஒரே வகைக் கைபேசியிலா, ஒரே ஊரிலா, பண்டிகை நாளா என்று குறுக்கிக்கொண்டே போங்கள். மூன்றாவதுக்கு, மேலே சொன்ன மூன்று மாதத் தாளும் ஒரு பக்க விவரமும் உங்கள் கையில் இருக்கும். அவற்றைக் காட்டும்போது வாடிக்கையாளர்களின் பெயர், எண், பில் விவரம் எதுவும் இருக்கக் கூடாது. 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஒருபுறமிருக்க, பழைய நிறுவனத்தின் தரவைக் கொண்டுவந்து காட்டுபவரை எந்த நிறுவனமும் எடுக்காது.

வேலையில் சேர்ந்த பிறகு

முதல் மாதம் எதையும் மாற்ற முயலாதீர்கள். பழைய முடிவுகளின் காரணங்களைக் கேளுங்கள்; முட்டாள்தனமாகத் தெரியும் திரைக்குப் பின்னால் பெரும்பாலும் ஒரு பெரிய வாடிக்கையாளரோ ஒரு சட்டமோ இருக்கும். முதல் மூன்று மாதத்துக்குள் சிறியதாக ஒன்றை முழுமையாக முடித்துக் காட்டுங்கள். டெவலப்பர்களின் நம்பிக்கை அப்படித்தான் வரும், பதவியால் வராது. அவர்கள் யாரும் உங்களுக்குக் கீழே வேலை செய்பவர்கள் இல்லை என்பதை மறந்தவர்கள் இந்த வேலையில் நிலைத்ததை நான் பார்த்ததில்லை.

பதவிகள் அசோசியேட், ப்ராடக்ட் மேனேஜர், சீனியர், அதற்குமேல் குரூப் ப்ராடக்ட் மேனேஜர் அல்லது டைரக்டர் என்று ஏறும். சீனியருக்குப் பிறகு பாதை பிரிகிறது: ஆட்களை நிர்வகிப்பது ஒன்று, ஆட்களில்லாமலேயே கடினமான சிக்கல்களை எடுத்துக்கொள்ளும் பிரின்சிபல் பாதை இன்னொன்று. இரண்டாவது பாதை இல்லாத நிறுவனங்களும் உண்டு, சேரும்போதே கேட்டுவிடுங்கள். மாறுவது பெயர் மட்டும் அன்று. தொடக்கத்தில் ‘இந்த வசதியைச் செய்’ என்று சொல்வார்கள், பிறகு ‘இந்தச் சிக்கலைத் தீர்’ என்பார்கள், அதற்கும் மேலே போனால் எந்தச் சிக்கல் என்பதையும் நீங்களே கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும். இரண்டு ஆண்டுகளாக முதல் வகையிலேயே நிற்கிறீர்கள் என்றால், சம்பளம் உயர்ந்தாலும், அந்த இடத்தைவிட்டு நகர வேண்டிய நேரம் வந்துவிட்டது.

முடிவுகளுக்கென்று ஒரு நோட்டை வைத்துக்கொள்ளுங்கள். தேதி, எடுத்த முடிவு, அப்போது தெரிந்த காரணம், என்ன நடக்கும் என்று எதிர்பார்த்தோம் என்று நான்கு வரி. ஆறு மாதத்துக்கு ஒருமுறை திருப்பிப் பார்த்து, பக்கத்தில் நடந்ததை எழுதுங்கள். பதவி உயர்வுக்கான பேச்சில் இந்த நோட்டு கைகொடுக்கும். சீனியர் பதவிக்கு வருபவர்களிடம் நான் கேட்கும் ஒரே நிலையான கேள்விக்கும் பதில் அதில்தான் இருக்கிறது: நீங்கள் கட்டிய வசதிகளில் எதை நீங்களே எடுத்துவிட்டீர்கள், அதை எப்படித் தெரிந்துகொண்டீர்கள்? என் நோட்டில் அந்தக் கேள்விக்கு நேரே அந்தச் சரக்கு எச்சரிக்கை இருக்கிறது. அதை எடுத்துவிட்டோம், சில்லறைக் கணக்கு சரியாகி ஓர் ஆண்டு ஆன பிறகு, இந்த முறை கடைக்காரர்களே கேட்டதால், திரும்பக் கட்டினோம்.